வாசலை மறித்த விளம்பரம்

அரியமுத்துவைப் போன வாரம் சாகடித்ததற்காக என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். எனக்கே என் மேல் கோபம்தான். நல்ல மனுஷன். வியாழக்கிழமை சாயங்காலம் டீ குடித்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்தபடி சுவரில் சாய்ந்தார். மருமகள் சிவரஞ்சனி ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அங்கேதான் கதையை விட்டிருந்தோம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீடு. வீட்டின் முன் அறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்துகிறான் அரியமுத்துவின் இளைய மகன், சிவரஞ்சனியின் புருஷன் அறிவரசன். கூடவே ‘நம்மூர்ச் சேதி’ என்று ஒரு வெப்சைட். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா, யார் வீட்டில் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தினமும் அதில் போடுவான். வெளிநாட்டில் இருக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் ஊர்.

மூத்தவன் மணிவேல் மஸ்கட்டில் இருக்கிறான். அப்பாவோடு பேச்சில்லாமல் இரண்டு வருஷம். வேப்பந்தட்டையில் அவனுக்குப் பெண் பார்த்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் வைத்தும் ஆயிற்று. மாப்பிள்ளை வந்து இறங்கவில்லை. லீவு தரவில்லை என்றான் மணிவேல். மனசில்லாமல் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தார் அரியமுத்து. பெண் வீட்டார் முன்னால் கைகட்டி நின்ற ஆத்திரத்தில் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னார்.

“என் சாவுக்கும் நீ வர வேணாம்.”

அதற்குப் பிறகு மணிவேல் இந்த வீட்டுக்குப் பேசியதில்லை. சொன்ன வார்த்தை அவருக்கும் தொண்டையில் சிக்கிய முள்ளாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கிவர அவருக்கும் தெரியவில்லை, பெற்ற மகனுக்கும் தெரியவில்லை. ஒரே மண்ணில் பிடித்த பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஆடி வெள்ளி.

அரியலூரைத் திரும்பவும் தனி ஜில்லா ஆக்கப் போகிறார்கள் என்று டீக்கடைகளில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. அந்த ஆடியில் அந்தத் தெருக்காரர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றத் தேதி வைத்ததும் அன்றைக்கேதான். பந்தல் போட்டு அண்டாக்களும் வந்து இறங்கியிருந்தன. ஆனால் பிணம் கிடக்கிற தெருவில் கோயில் கதவைத் திறக்க மாட்டார்கள். எடுத்து, தெருவைக் கழுவி, அதன் பிறகுதான் அம்மனுக்கு விளக்கு. யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கவிழ்த்து வைத்த அண்டாக்களைப் பார்க்காமல் யாரும் அந்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை.

எப்போது எடுப்பது என்ற கேள்வி அன்றைக்கு விடிந்ததுமே வந்துவிட்டது.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது முறை. அரியமுத்துவின் குழியில் முதல் மண் மணிவேல் கையால் விழ வேண்டும். அவர் மனைவி பொன்னாயி ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்தபடி அதைத்தான் சொன்னாள். இரவு முழுக்க அழுததில் குரலே இல்லை அவளுக்கு.

“பெரியவன் பேசட்டும். வரேன்னு சொன்னான்னா ரெண்டு நாள் ஆனாலும் பொட்டியில வெச்சிருப்போம். வர முடியலன்னு அவன் வாயால சொன்னாலும் சரி, எடுத்துடுங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுக்கக் கூடாது.”

ஆனால் அவனுக்குச் சொல்வது எப்படி? அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பழைய நம்பரை அடித்தால் அரபியில் யாரோ ஒரு பெண் பேசிவிட்டு நிறுத்தினாள். கூட இருந்த கூட்டாளியும் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

ஒரே ஒரு வழி இருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்கு எப்படியும் ‘நம்மூர்ச் சேதி’யைத் திறந்து பார்ப்பான் மணிவேல். பார்த்துவிட்டு, விருந்தினர் பக்கத்தில் ‘பாடாலூர்க்காரன்’ என்ற பெயரில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவான். பாடாலூர்தான் அவர்கள் பூர்வீகம். ‘ஏரிப் படம் நல்லா இருக்கு.’ ‘பஸ் ஸ்டாண்டு இன்னும் அப்படியேதான் இருக்கா?’ அந்த ஒற்றை வரியை மாமியாருக்குப் படித்துக் காட்டுவது சிவரஞ்சனியின் வேலை. அவள் படிக்க ஆரம்பித்ததும் அரியமுத்து டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். கேட்கிறேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே அப்போதே அறிவரசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அப்பாவின் சாவுச் சேதியைத் தன் கையாலேயே தட்டினான்.

விளம்பரங்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டில் என்ன விளம்பரப் பேச்சு என்று முகம் சுளிக்காதீர்கள். இந்த வாரத்துக் கதை அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கையில் வைத்திருக்கிற இந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் உண்டு. நான் உருகி உருகி எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் எட்டிப் பார்க்கும். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். வெப்சைட்டில் பல வகை. பக்கத்தின் தலையில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். டீக்கடை போர்டு மாதிரிதான் அது, நாலு நாள் பழகினால் கண்ணில் படாது. ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும், டுட்டோரியல் காலேஜ், ஜோசியர் என்று. வெறும் எழுத்தில் ஒற்றை வரியாகவும் விளம்பரம் உண்டு. அதனால் யாருக்கும் தொந்தரவில்லை, போட்டவனுக்குப் பெரிய பிரயோஜனமும் இல்லை. அப்புறம் தானாகக் குதித்து வருகிற குட்டி ஜன்னல். பஸ் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வெள்ளரிப்பிஞ்சை மடியில் போடுகிறவர்களைப் போன்றது அது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே அதை விரட்டிவிடுகிறது.

அறிவரசன் இத்தனையையும் அப்பாவின் சாவுச் சேதிப் பக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் எடுத்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அரியமுத்து பெரம்பலூர்க் கொட்டகைகளுக்குப் போஸ்டர் ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் மேல் கருமாதி முடிகிறவரைக்கும் சினிமாப் போஸ்டர் ஒட்டக் கூடாது. சுவரில் வேறு இடமே இல்லையென்றால் பசை வாளியோடு திரும்பி வந்துவிட வேண்டும். மகன் வெப்சைட் ஆரம்பித்தபோது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சாவுச் சேதி போடுற பக்கத்துல வேற எதையும் ஒட்டாத தம்பி என்றார். அறிவரசன் சரி என்றான். இத்தனை வருஷமும் அந்த வாக்கைக் காப்பாற்றினான்.

இப்போது அப்பாவின் பக்கம். வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் அவர் படம். கீழே மூத்த மகன் மணிவேல், இளைய மகன் அறிவரசன் என்று பெயர்கள். அதற்கும் கீழே வீட்டு ஃபோன் நம்பரைப் பெரிதாகப் போட்டு, ‘அண்ணா, பார்த்ததும் பேசு. அம்மா உனக்காகத்தான் காத்திருக்கு’ என்று எழுதினான். தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான். சேதி நேராக வந்து நின்றது. ஒரு தூசு இல்லை.

விளம்பரத்தில் இன்னொரு வகையும் உண்டு. அது அன்றைக்கு அவன் ஞாபகத்துக்கு வரவில்லை. நானும் கொஞ்சம் பொறுத்தே சொல்கிறேன்.

காலை டிபன் நேரத்துக்கெல்லாம் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் துபாயிலிருந்து தா.பழூர்க்காரர் ஒருவர். சின்ன வயசில் அரியமுத்துவின் சைக்கிளில் போஸ்டர் கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனவராம். அடுத்தது சிங்கப்பூர். அப்புறம் குவைத். முகம் தெரியாத பிள்ளைகள் எல்லாம் அறிவரசனுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் பொன்னாயி தலையைத் தூக்கினாள். ஒவ்வொரு முறையும் அறிவரசன் அவளைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினான்.

நடுப்பகல் தாண்டியது. அரியமுத்துவின் தம்பி உத்திராபதி இதுவரைக்கும் பொறுத்திருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் சாவு வீட்டில் யாராவது ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும், அந்த வேலை எப்போதும் அவர் தலையில்தான் விழும். அறிவரசனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். துபாய்க்காரன் பார்த்துவிட்டான், சிங்கப்பூர்க்காரன் பார்த்துவிட்டான். அங்கெல்லாம் தெரிந்தது மஸ்கட்டுக்கு மட்டும் தெரியாதா? அவனும் பார்த்திருப்பான். அப்பன் சொன்ன சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தெருவில் கூழ் அண்டா காத்திருக்கிறது, அரியலூர்ச் சனம் இருட்டுமுன் பஸ் ஏற வேண்டும்.

சித்தப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்களே.

கொல்லைப்பக்கம் பேசியதுதான், ஆனாலும் பொன்னாயியின் காதில் விழுந்துவிட்டது. அவள் ஐஸ் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். புருஷன் முகத்தைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெயில் வாசலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“எடுங்க,” என்றாள்.

பெண்கள் எல்லாம் ஒரே குரலில் அழுதார்கள். அவள் மட்டும் அழவில்லை.

இளைய மகன்தான் மொட்டை போட்டுக்கொண்டான். இளைய மகன்தான் நீர்க்குடம் தூக்கினான். தன் முறை இல்லாத காரியத்தைச் செய்கிறவனுக்கு வருகிற கூச்சம் அவன் கையில் தெரிந்தது. குடத்தை எந்தத் தோளில் வைப்பது என்று இரண்டு தடவை கேட்டான். உத்திராபதி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

ஆண்கள் இடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தெருக்கோடியில் யாரோ அண்டாவை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது.

பொன்னாயி மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். காலையில் கம்ப்யூட்டரில் போட்ட சேதியில் பெரியவன் பேரும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது அத்தை என்றாள் சிவரஞ்சனி.

“எடுத்துடு.”

சிவரஞ்சனிக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பொன்னாயி மறுபடியும் நிதானமாகச் சொன்னாள். “அவரு கோவத்துல ஆயிரம் சொல்லுவாரு. பெத்த புள்ள அதையா புடிச்சிக்கிட்டு நிப்பான்? ஊர்ல இருக்கறவனெல்லாம் பேசறான், இவன் பேசல. அவரு மனசு எப்படி அடிச்சிக்கிட்டிருக்கும் அந்தப் பொட்டிக்குள்ள. எனக்கு இனிமே ஒரு மவந்தான் ரஞ்சனி. அவன் பேரை அழிச்சிடு.”

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையை வெறுக்கிற தாய் இல்லை அவள். விடிந்ததிலிருந்து அவனுக்காகவே காத்திருந்தவள். காத்திருந்தவளுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும்.

சிவரஞ்சனி முன் அறைக்குப் போனாள். வெப்சைட் வேலை அவளுக்கும் அத்துபடி. பாதிச் சேதிகளைத் தட்டுகிறவளே அவள்தான். ஆனால் அறிவரசனின் கம்ப்யூட்டரை ஐஸ் பெட்டியை வெளியே கொண்டுபோக வழிவிட்டு நகர்த்தி, ஒயர்களை எல்லாம் பிடுங்கி மூலையில் சாத்தியிருந்தார்கள். ஓரத்தில் இருந்த நாலாவது கம்ப்யூட்டரைப் போட்டாள். சின்ன டப்பா மானிட்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் உட்காருகிற இடம். அன்றைக்கு யாரும் அதைத் தொடவில்லை.

‘நம்மூர்ச் சேதி’ என்று தட்டினாள்.

மாமனார் படம் வரவில்லை. வெறும் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மேலிருந்து கீழே திரை இறங்குகிற மாதிரி ஒரு படம் இறங்கியது. அரக்குப் பட்டுச்சேலை. தலை நிறைய மல்லிகைப்பூ. கல்யாணப் பெண்ணொருத்தி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு திரை முழுக்க நின்றாள். ‘ஆடி வெள்ளிக் கொண்டாட்டம். குடும்பத்தோடு வாங்க, குதூகலமாப் போங்க. மங்களாம்பிகை பட்டு மாளிகை, அரியலூர்.’ கூடவே நாதஸ்வரம் வேறு.

சிவரஞ்சனி பதறிப்போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். படம் அப்படியே நின்றது. மூடுவதற்கு இடம் தேடினாள். அந்தச் சின்ன மானிட்டரில் அது கண்ணில் படவே இல்லை. பக்கத்தை இழுத்து இழுத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால், ஒரு மூலையில் எறும்பு அளவுக்கு எழுத்து: ‘தளத்துக்குள் செல்ல’. அதை அமுக்கின பிறகுதான் அரியமுத்து வந்தார், வெள்ளைப் பக்கத்தில், தனியாக.

இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்த வகை.

போன மாதம் திருச்சியிலிருந்து வந்த விளம்பர ஏஜெண்ட் விற்றுவிட்டுப் போனது. பட்டையை யாரும் பார்ப்பதில்லை சார், பெட்டியை யாரும் தொடுவதில்லை, இதை மட்டும் யாரும் தவிர்க்க முடியாது என்றான். சைட்டுக்குள் நுழையும் முன்னால் முழுத் திரைக்கும் வந்து நிற்கும், அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடும். கல்யாண வீட்டில் நாத்தனார் வாசலை மறித்துக்கொண்டு சீர் கேட்பதைப் போல. பிரௌசிங் சென்டருக்கு வருகிற கூட்டம் குறைந்துகொண்டே வந்த நேரம். இந்த ஆடி வெள்ளியிலிருந்து ஓடட்டும் என்று அறிவரசன் தலையாட்டிவிட்டான். அன்றைக்கே சிவரஞ்சனிக்கு அது பிடிக்கவில்லை. வருகிறவர்களை வாசலில் நிறுத்தி வைக்கிறதா என்று கேட்டாள். ஆடி முடிகிற வரைக்கும்தானே என்றான் அவன். வீட்டுக்குள் அதற்கு ‘வாசல் விளம்பரம்’ என்று பேர் வைத்தார்கள்.

அறிவரசன் சைட்டை நாளைக்கு நூறு தடவை திறந்து மூடுகிறவன். தொந்தரவாக இருக்கும் என்று அவனுடைய கம்ப்யூட்டரில் மட்டும் அது வராதபடி ஏஜெண்டே பண்ணிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதனால் அப்பாவின் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று அவன் நம்பியதில் தப்பில்லை. பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது.

சிவரஞ்சனி அந்த விளம்பரத்தை எடுத்தாள். மணிவேல் பெயரை எடுக்கவில்லை. கை அதன் மேல் போகவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமனார் செத்ததிலிருந்து வேலைதான் செய்துகொண்டிருந்தாள், அழ நேரம் கிடைத்தது அப்போதுதான்.

ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார்கள். மொட்டைத் தலையோடு வந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. இப்போது சொல்வதா, நாளைக்குச் சொல்வதா என்று தடுமாறினாள். நாளைக்கு என்றால் அத்தையின் மனசில் இந்தக் கோபம் ஒரு ராத்திரி ஊறிவிடும். முன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“ஏங்க, அந்த வாசல் விளம்பரம் ஓடிக்கிட்டேதாங்க இருந்திருக்கு.”

“நான் எல்லாத்தையும் எடுத்தேனே. அப்பா பக்கத்துல ஒண்ணுமில்ல.”

“பக்கத்துல இல்லீங்க. பக்கத்துக்கு முன்னாடி.”

அவனுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாலாவது கம்ப்யூட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். காலையில் துபாய்க்காரர் பேசும்போது மொதல்ல வேற என்னமோ வந்துச்சு தம்பி என்று ஏதோ சொன்னார். அழுகைக்கு நடுவில் இவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பொறுத்திருந்து வழி கண்டுபிடித்து உள்ளே வந்திருக்கிறார். நல்ல லைன் இருக்கிறவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். மஸ்கட்டில் ஏதோ ஒரு பிரௌசிங் கடையில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருகிற அண்ணன்?

அறிவரசன் தரையில் உட்கார்ந்துவிட்டான். இடுகாட்டில்கூட அப்படி உட்காரவில்லை.

“அப்பா போஸ்டர் மேல நானே ஒட்டிட்டேன் ரஞ்சனி,” என்றான்.

அவள் அவன் தோளில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனான். கூடத்தில் அரியமுத்து கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பட்டுச்சேலைப் பெண், எறும்பு எழுத்து, தன் கம்ப்யூட்டரில் மட்டும் வராதது, எதையும் விடவில்லை. அண்ணன் பார்த்திருக்கவே மாட்டான் அம்மா, தப்பு என்னுடையது என்றான்.

பொன்னாயி அவன் மொட்டைத் தலையைத் தடவினாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பவில்லை என்பது அந்தத் தடவலிலேயே தெரிந்தது.

“சின்ன வயசுலேருந்து அவன் பண்றதையெல்லாம் நீதான் உன் தலையில போட்டுக்குவ,” என்றாள். “போதும்யா. செத்த வூட்டுல அவனுக்காகப் பொய் சொல்லாத.”

உத்திராபதி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னவன் பொய்யன் ஆகிவிட்டான். அவன் சொன்னதை நிரூபிக்க உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

தெருக்கோடியில் அம்மனுக்கு மணி அடித்தார்கள். கூழுக்குப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஓடினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் முன் அறையில் ஃபோன் அடித்தது.

பொன்னாயி இந்த முறை தலையைத் தூக்கவில்லை. சிவரஞ்சனி போய் எடுத்தாள்.

“ரஞ்சனியா? நான் மணிவேல்மா.”

அவன் இடைவெளி விடாமல் பேசினான். ஃபோன் கார்டில் காசு கொஞ்சம்தான் இருக்கிறதாம், அதனால் அவன் சொல்வதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். குரலில் சிரிப்பு இருந்தது.

“இன்னிக்கு நம்ம சைட்டைத் திறந்தேன். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வழிய மறிச்சிக்கிட்டு நிக்குது. உள்ள போறதுக்கு எங்க அமுக்கறதுன்னே தெரியல. கடை மெஷினு அப்படியே தொங்கிப்போச்சு. சரி, தம்பி பெரிய ஆளாயிட்டான்டான்னு மூடிட்டு வந்துட்டேன். ரூமுக்குப் போற வழி பூரா அப்பா நெனப்புதாம்மா. பசை வாளியத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாப் போன மனுஷன். அவரு புள்ள இன்னிக்குக் கம்ப்யூட்டர்ல இவ்வளவு பெரிய போஸ்டர் ஒட்டுறான். இதை அவருகிட்ட யாராவது சொல்லணுமில்ல, நாமளே சொல்லுவோம்னு தோணிச்சு. என்னம்மா சத்தமாவே இருக்கு, கடையில கூட்டமா?”

சிவரஞ்சனி ரிசீவரைப் பிடித்தபடி கூடத்துப் பக்கம் திரும்பினாள். பொன்னாயி எழுந்து வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள், ரிசீவருக்குள்ளிருந்து வந்த பெரியவனின் சிரித்த குரலும் அவள் காதில் விழுந்தது. அதற்கு மேல் யாரும் அவளுக்கு எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

“மணி,” என்றாள்.

“அம்மாவா? அழுவாதம்மா, நல்லாத்தான் இருக்கேன். அப்பாவக் கூப்பிடேன். கோவம் இன்னும் இருக்கும், தெரியும். ரெண்டு வருஷமா வீம்பு புடிச்சது போதும், நானே மொதல்ல பேசிடறேன். அவரு ஒண்ணும் பேச வேணாம்மா. காதுல வெச்சிக்கிட்டுக் கேட்டாப் போதும்.”

பொன்னாயி ரிசீவரை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அறிவரசனைப் பார்த்தாள். அவன் சிவரஞ்சனியைப் பார்த்தான். ரிசீவருக்குள்ளிருந்து மணிவேல் மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தான், அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரா என்று.